ஒரே அடுப்பு, இரண்டு கொழுப்பு

எங்கள் வீட்டில் யாரும் தட்டில் மீதி வைக்க மாட்டார்கள். சமைக்கிறவளுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது என்று என் கணவர் சொல்வார். எனக்கு அது மரியாதையாகப் பட்டதில்லை, வசதியாகப் பட்டது. போட்டது எவ்வளவோ, உள்ளே போனது அவ்வளவு. இருபத்திரண்டு வருஷமாகத் தீனி நிறுத்துப் போட்டு, மறுநாள் காலையில் மீதியையும் நிறுத்துப் பார்த்தவளுக்குத்தான் அந்த நிம்மதி புரியும்.

நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவசரமில்லை. எண்கள் வருகிற இடத்தில் மட்டும் ஒருமுறை திருப்பிப் படித்துக் காட்டுங்கள். மற்றதில் எழுத்துப்பிழை வந்தாலும் பரவாயில்லை.

நான் வேலை பார்த்தது ஒரு கொழுப்பு ஆராய்ச்சிக் கூடத்தில். மேல் மாடிகளில் படித்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கீழ்த்தளத்தில் விலங்குக் கூடம். நீளமான அறை, இருபக்கமும் கூண்டு, ஒவ்வொரு கூண்டிலும் ஒரு வெள்ளை முயல், கூண்டு வாசலில் ஒரு அட்டை. தீனியில் கொழுப்பைக் கலப்பது, நிறுப்பது, மாதத்துக்கொரு முறை காது நரம்பில் ரத்தம் எடுப்பது, அதைச் சுழலியில் சுற்றித் தெளியவைத்து அளவு பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. கூடம் பெருக்க வரும் பெண்மணி முயல்களுக்குப் பெயர் வைப்பாள். பரிசோதனை முடிந்து அவற்றை அறுக்கிற நாளில் மூலையில் நின்று மூக்கைச் சிந்துவாள். நான் பெயரும் வைத்ததில்லை, மூக்கும் சிந்தியதில்லை. அதனால் எனக்குப் பாசம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. என் கூண்டுகளில் ஒரு நாள்கூடத் தண்ணீர் வற்றியதில்லை.

அந்த வருஷம் மேலே ஒரு புதுக் கொழுப்பு செய்திருந்தார்கள். எளிமையாகச் சொல்கிறேன். கொழுப்பின் ஒவ்வொரு துணுக்குக்கும் மூன்று கை உண்டு. எந்தக் கையில் எது தொங்க வேண்டும் என்று இயற்கை ஒரு வரிசை வைத்திருக்கிறது. அந்த வரிசையைக் கலைத்து வேறு மாதிரி அடுக்கினால், ஊற்றுகிற எண்ணெய் வெட்டுகிற கட்டியாகிவிடும். வெளியிலிருந்து எதையும் சேர்க்கவில்லை, எதையும் எடுக்கவில்லை, இடத்தைத்தான் மாற்றினோம் என்று பெருமையாகச் சொல்வார்கள். பன்னிரண்டு முயலுக்குப் பழைய எண்ணெய், பன்னிரண்டு முயலுக்கு அந்தப் புதுக்கட்டி. பதினாறு வாரம்.

பழைய எண்ணெய் தின்ற முயல்களின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீர், வெயிலில் வைத்த வெளிர் மஞ்சள் தண்ணீர் மாதிரி இருந்தது. புதுக்கட்டி தின்றவற்றுக்குப் பாலைக் கலக்கிவிட்டதுபோல் வெளுத்து நின்றது. கெட்ட கொழுப்பு மூன்று மடங்கு. அறுத்துப் பார்த்தால் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயின் உள்சுவரில் கொழுப்பு திட்டுத்திட்டாகப் படிந்திருந்தது. சாயம் ஏற்றினால் அந்தத் திட்டுகள் சிவப்பாகப் பூக்கும். ஒவ்வொன்றையும் கட்டம் போட்ட கண்ணாடியை வைத்து அளந்தவள் நான்.

அதை எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் போனேன். அவர் தாளை ஒரு புரட்டு புரட்டினார்.

"ஏம்மா, முயல் புல் திங்கற ஜென்மம். அதுக்குக் கொழுப்பைக் குடுத்தா ஏறத்தான் செய்யும். முயலுக்கு ஏறினா மனுஷனுக்கும் ஏறும்னு யாரு சொன்னது?"

"மனுஷனுக்குக் குடுத்துப் பாத்தாத்தானே சார் தெரியும்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "நல்லா கேட்டே போ. யாரு வீட்டுல குடுத்துப் பாக்கறது? உன் வீட்டுலயா? நீ ரத்தம் எடுக்கிற வேலையைப் பாரும்மா. யோசிக்கற வேலைக்கு ஆள் இருக்கு."

எனக்குக் கோபம் வரவில்லை. இதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். கோபத்தில் செய்தேன் என்று பிறகு யாராவது எழுதினால் அது பொய். அவர் கேட்டது நியாயமான கேள்வி. முயலுக்கும் மனிதனுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதை யாராவது தாண்டித்தான் ஆக வேண்டும். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கதவைத் திறந்தேன். மேஜையின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், அண்ணனும் தம்பியுமாக என் கணவரும் கொழுந்தனும் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழே கடை, மேலே வீடு. படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை. அண்ணன் மரச்சட்டம் அறுப்பார், தம்பி கண்ணாடி வெட்டுவான். ஒரே தாய், ஒரே தகப்பன், இரண்டு வயது வித்தியாசம், ஒரே வேலை, ஒரே கூரை, ஒரே அடுப்பு. இரண்டு பேருக்கும் புகையும் இல்லை, குடியும் இல்லை. ஆராய்ச்சிக் கூடத்தில் லட்சக்கணக்கில் கொட்டினாலும் இப்படி ஒரு ஜோடி அமையாது. அவர்களுடைய அப்பா நாற்பத்தொரு வயதில் அதே கடையில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே சரிந்தவர். பெரியப்பாவும் அப்படித்தான். அந்தக் குடும்பத்தின் ரத்தத்தில் அது ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். மெதுவாக ஏறுகிற உடம்பை வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் காத்திருக்க முடியும்?

தம்பியை வீட்டில் சின்னவன் என்போம். நான் அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது அவனுக்குப் பதினேழு வயது. தாய் இல்லாத பிள்ளை. என் பின்னாலேயே அடுக்களைக்கு வந்து, "அண்ணி, பசிக்குது" என்று நிற்பான். அவனுக்கு உருப்படியாகச் சாப்பாடு போட்டது நான்தான். எனக்குத் தாயும் அண்ணிதான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான். எனக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறையை அவன் எனக்கு வைக்கவில்லை.

யாருக்குப் புதுக்கட்டி, யாருக்குப் பழைய எண்ணெய் என்பதை நானாக முடிவு செய்யவில்லை. அது ஒருதலைப்பட்சமாகிவிடும். இரண்டு சீட்டு எழுதி, மடித்து, ஒரு டம்ளரில் போட்டுக் குலுக்கினேன். முதலில் வருகிற பெயருக்குப் புதுக்கட்டி. முதலில் என் கணவர் பெயர் வந்தது. சீட்டு இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது போலத் தோன்றியது. சரியாகக் கலக்காத சீட்டுக்கு அர்த்தமில்லை. மறுபடி குலுக்கினேன், சின்னவன் பெயர் வந்தது. அதோடு நிறுத்திக்கொண்டேன். மூன்றாம் முறையும் குலுக்கியிருந்தால் அது ஏமாற்று வேலை.

மேலே அந்தக் கட்டியைத் தொடர்ந்து செய்துவந்தார்கள், மிஞ்சியதைக் குப்பையில்தான் போடுவார்கள். நான் அதை டப்பா டப்பாவாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "உனக்கு வயிறு அடிக்கடி கெடுது, உனக்கு மட்டும் தனியாச் செய்யறேன்" என்று சொன்னேன். அவன் அண்ணனைப் பார்த்துக் கண்ணடித்தான். "பாத்தியாண்ணே, எனக்குத் தனிக் கவனிப்பு. நீ வயித்தெரிச்சல்படாதே." அவனுடைய ரொட்டியில், காயில், கஞ்சியில், காலை முதல் இரவு வரை தினமும் ஒரே அளவு. அண்ணனுக்கும் அதே அளவு, பழைய எண்ணெயில். இரண்டு வருஷம் ஏழு மாதத்தில் நான்கே நாள்தான் அளவு தவறியது. அந்த நான்கு நாளும் நோட்டில் இருக்கிறது.

இரண்டு மூன்று மாதத்துக்கொரு முறை இரண்டு பேருக்கும் ரத்தம் எடுப்பேன். அப்பா போன விதத்தை நினைத்து நான் அவர்கள் உடம்பைக் கவனித்துக்கொள்கிறேன் என்று அவர்களுக்கு ஏக சந்தோஷம். வெறும் வயிற்றோடு, கடை திறப்பதற்கு முன்னால், சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வரிசையாக உட்காருவார்கள். குழாய்களைப் பையில் போட்டுக் கொண்டுபோய் முயல்களின் குழாய்களோடு சேர்த்துச் சுற்றுவேன். அண்ணனுடையது தெளிவாக வரும். சின்னவனுடையது நாலாவது மாதிரியிலிருந்தே கலங்க ஆரம்பித்தது. அன்றைக்கு எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டீர்கள். உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக நானாக ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன்.

சின்னவன் தன் அளவைக் கேட்பான். சொல்லாமல் இருந்தால் சந்தேகம் வரும். உண்மையைச் சொன்னால் பயந்துபோய்ச் சாப்பாட்டைக் குறைப்பான், எல்லாம் பாழாகும். அதனால் அண்ணனுடைய எண்களை அவன் பெயரில் எழுதிக் கொடுத்தேன். ஒருமுறை இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அண்ணே, இங்க பாரு. உனக்கும் எனக்கும் ஒரே நம்பர். ரத்தம்னா இது ரத்தம்!"

என் கணவர் கண் கலங்கி அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். நான் அடுத்த முறையிலிருந்து ஒன்றிரண்டு எண்ணைக் கூட்டிக் குறைத்து எழுதினேன்.

நடுவில் அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று. அதை என்னால் தடுக்க முடியவில்லை. வந்த பெண் நல்ல பெண், கெட்டிக்காரி, அதுதான் சிக்கல். வந்த மூன்றாம் நாளே, "அக்கா, இன்னைக்கு அவருக்கு நான் சமைக்கட்டுமா?" என்றாள். விட்டுக்கொடுத்த அந்த ஒரு நாளும் நோட்டில் உள்ள நாலில் ஒன்று. நல்லவேளை, சீக்கிரமே உண்டானாள். "இந்த நேரத்துல அடுப்புச் சூட்டுல நிக்காதே, நான் எதுக்கு இருக்கேன்?" என்று உட்காரவைத்தேன். பிரசவத்துக்குப் பிறகு, "பச்சை உடம்புக்காரி, பிள்ளையைப் பாரு" என்றேன். ஓரகத்தியைத் தரையில் கால் வைக்கவிடாமல் தாங்குகிறாள் என்று அக்கம்பக்கத்தில் எனக்கு நல்ல பெயர். அவளுடைய அம்மாவே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஒருநாள் அந்தப் பெண்தான் முதலில் கவனித்தாள்.

"அக்கா, இவரு கண்ணு ஓரத்துல மஞ்சளா ஏதோ தடிச்சிருக்கு பாருங்களேன்."

நான் ஏற்கனவே பார்த்திருந்தேன். இமையில், மூக்கை ஒட்டி, கடுகளவு இரண்டு மஞ்சள் திட்டு. கொழுப்பு அதிகமாகும்போது தோலுக்கடியில் அப்படித் தங்கும். பதினொன்றாம் நம்பர் முயலுக்குக் கண்ணிலேயே அப்படி வந்திருந்தது.

"கண்ணாடித் தூளுல கெடக்கறவன், அதான். வெந்நீர் ஒத்தடம் குடு" என்றேன்.

"டாக்டர்கிட்ட ஒரு எட்டுப் போயிட்டு வரட்டுமா?"

அதற்குச் சின்னவனே பதில் சொன்னான். "எந்த டாக்டர் இப்படி ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வீட்டுல வந்து ரத்தம் எடுப்பான்? அண்ணிக்குத் தெரியாதது டாக்டருக்குத் தெரியுமா? சும்மா இருடி."

அவள் சும்மா இருந்துவிட்டாள். தினமும் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள்.

குழந்தையைப் பற்றியும் கேட்டீர்கள். குழந்தைக்கு நான் எதுவும் ஊட்டவில்லை. தாய்ப்பால்தான் குடித்தாள். ரத்தம் எடுத்தது இரண்டே முறை, அதுவும் குதிகாலில் ஒரு சொட்டு. அழுகிறாளே என்று மூன்றாம் முறை எடுக்கவில்லை.

இரண்டாம் வருஷம் முடிகிறபோது சின்னவனுக்கு மாடிப்படி ஏறுவதில் சிரமம் தெரிந்தது. பதினெட்டுப் படி. முதலில் ஒரே மூச்சில் வருவான், பிறகு பத்தாவது படியில் ஒரு தடவை நின்றான், பிறகு ஏழாவதிலேயே நின்றான். கண்ணாடிப் பலகையைத் தூக்கினால் இடது தோளில் இழுக்கிறது என்றான். வாயுத் தொல்லை என்று சொல்லி ஒரு மாத்திரை கொடுத்தேன். அது வாயுவுக்குத்தான், அதனால் கெடுதல் இல்லை. அடைப்பு வந்திருக்கிறது என்பதும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனால் குழாயை விரித்துச் சரிசெய்துவிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் சரிசெய்துவிட்டால் இது கொழுப்பால் வந்தது என்று எதை வைத்துச் சொல்வது? பதினாறாம் வாரத்துக்கு முன்னால் எந்த முயலையும் நாங்கள் கூண்டிலிருந்து எடுத்ததில்லை. அது விதி. எனக்குப் பிடித்ததற்கு ஒரு விதி, பிடிக்காததற்கு ஒரு விதி என்று நான் நடந்துகொள்ளவில்லை.

முப்பத்தேழு வயதில் போய்விட்டான். ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுபோகும்போதே முடிந்துவிட்டது என்றார்கள். அறுத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டது நான் ஒருத்திதான். என் கணவர் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டார். "என்ன ஆச்சுன்னு தெரிஞ்சாத்தானே நாளைக்கு உங்களைக் காப்பாத்த முடியும்?" என்றேன். என் நெஞ்சுரத்தைப் பார்த்து எல்லோரும் வியந்தார்கள். அறிக்கையில் பெரிய குழாய் முழுக்கத் திட்டு என்று போட்டிருந்தது. அளவு போடவில்லை. மனிதர்களை அறுக்கிறவர்கள் கட்டக் கண்ணாடி வைத்து அளப்பதில்லை, அது ஒரு பெரிய குறை.

என் கணவர் தன் கையாலேயே தம்பியின் படத்துக்குச் சட்டம் போட்டார். கண்ணாடி வெட்ட ஆள் இல்லை. தானே வெட்டி, இரண்டு முறை உடைத்து, மூன்றாவது ஒருவழியாகச் சரியாக வந்தது.

பதினைந்து நாள் கழித்து எல்லாவற்றையும் சுத்தமாக எழுதி இயக்குநரிடம் கொடுத்தேன். நீங்களாகக் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்கக் கூடாது. நான் கொடுக்காவிட்டால் உங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. கொழுப்பு விஷமில்லை, எந்தச் சோதனையிலும் அகப்படாது. அவர் இந்த முறை புரட்டவில்லை, வரிவரியாகப் படித்தார்.

"இது யாரோட அளவும்மா? எந்த ஆஸ்பத்திரியில எடுத்தது?"

"எங்க வீட்டுல எடுத்தது சார். நீங்கதானே கேட்டீங்க, யாரு வீட்டுல குடுத்துப் பாக்கறதுன்னு."

அவர் கடைசிப் பக்கத்துக்குப் போனார். இரண்டாம் நபர், பரிசோதனையின் முப்பத்தோராம் மாதத்தில் மரணம் என்று எழுதியிருந்தேன். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். முயலுக்கு ஏறினால் மனிதனுக்கும் ஏறும் என்று ஒரு வார்த்தை அவர் வாயால் வரும் என்று காத்திருந்தேன். அவர் கதவைத் திறந்து காவலாளியைக் கூப்பிட்டார். தாள்களை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார். அவை பத்திரமாக இருக்கின்றனவா என்று நீங்கள் இன்னும் எனக்குச் சொல்லவில்லை.

நேற்று என் கணவரை இந்தக் காவல் நிலையத்துக்குக் கூட்டிவந்தீர்கள். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவன் உன்னைத்தான்டி அம்மான்னு நெனச்சான். உனக்கு ஒருநாள்கூட நிறுத்தணும்னு தோணலையா?"

தோன்றியது என்றுதான் சொன்னேன். அளவு தவறிய நாலு நாளில் மற்ற மூன்று நாளும் அதனால்தான். அதற்கு மேல் அவர் இருக்கவில்லை. இப்போது எங்கே சாப்பிடுகிறார் என்று தெரியவில்லை. கண்ட இடத்தில் சாப்பிட்டால் அவர் எண்களும் இனி உதவாது.

இப்போது கடைசி மாதிரி. நோட்டில் பதின்மூன்றாவது மாதிரியின் தேதியும் மரணத் தேதியும் ஒன்றாக இருக்கிறதே, எழுதும்போது தவறிவிட்டதா என்று கேட்டீர்கள். தவறவில்லை.

அன்று எனக்கு விடுமுறை. அந்தப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தடுப்பூசி போடப் போயிருந்தாள். என் கணவர் மரம் வாங்கப் போயிருந்தார். பகல் பதினொரு மணி. படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஏழாவது படியில் நின்றது, மறுபடி நாலு படி ஏறி நின்றது. கதவைத் திறந்தேன். சட்டை நனைந்து, முகம் சாம்பலாகி, மார்பைக் கையால் பொத்திக்கொண்டு நின்றான்.

"அண்ணி, முடியல. வண்டி கூப்பிடுங்க."

"காலையில ஏதாவது சாப்பிட்டியா?"

"இல்ல அண்ணி. குமட்டிச்சு. ஒண்ணும் எறங்கல."

அந்த நேரத்து ரத்த மாதிரி யாரிடமும் கிடையாது. முயல்கள் ராத்திரியில் கூண்டுக்குள் செத்தால் காலையில்தான் தெரியும். நான் அவனைக் கைத்தாங்கலாக மேலே கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தேன். தொலைபேசி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதைத் தாண்டிப் போய் ஊசிப்பெட்டியை எடுத்துவந்தேன். வைத்தியம் ஏதோ செய்யப் போகிறேன் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது. நான் கேட்காமலே சட்டைக் கையைத் தள்ளிவிட்டு அவனே கையை நீட்டினான். நரம்பு உள்ளே போயிருந்தது. கண்டுபிடிக்கப் பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று. இரண்டு குழாய் எடுத்தேன். பெயர் எழுதி, தேதி எழுதி, நேரம் எழுதி, குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு வந்துதான் வண்டிக்குப் போன் செய்தேன்.

அதற்கு முன்னால், ஊசியை எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து ஒரு நிமிஷம் முழுதாக அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இல்லாவிட்டால் அந்த இடம் கன்றிப்போய் இரண்டு நாள் வலிக்கும். அவன் சின்ன வயதிலிருந்தே வலி தாங்க மாட்டான்.